ஒரே தான்... ஒரே குடும்பம்!

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு போட்டோ தொங்குகிறது. 1996 தீபாவளியன்று திருத்தணியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் திரையில் பனிமலை, ஏரி, ஏரியில் இரண்டு வாத்து. (மலையேறி முருகனைக் கும்பிட்ட கையோடு சுவிட்சர்லாந்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிய குடும்பம் எங்களுடையது!) முன்னால் அப்பா, அக்கா, நான், தம்பி. நாலு பேர் மேலேயும் ஒரே துணி. சிவப்பில் கறுப்புக் கட்டம், நடுவே மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு. அப்பாவுக்குச் சட்டை. எனக்கும் தம்பிக்கும் சட்டை, டிராயர். அக்காவுக்குப் பஃப் கை வைத்த பாவாடை சட்டை. மிச்சம் விழுந்த துணி அந்த வருஷமே தலையணை உறையாகிவிட்டது. ராத்திரி தம்பி தலையணையில் படுத்தால் அவன் எங்கே முடிகிறான், தலையணை எங்கே ஆரம்பிக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்!

தீபாவளிக்குத் தானாக எடுத்துக் குடும்பத்துக்கே ஒரே துணியில் தைக்கிற வழக்கம் அன்றைக்கு ஊருக்கு ஊர் உண்டு. தானாக எடுத்தால் மீட்டருக்கு ஒன்றிரண்டு ரூபாய் குறையும். 'அவனுக்கு மட்டும் நல்ல துணியா?' என்ற பஞ்சாயத்து கிடையாது. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால், மிச்சப் பிள்ளையைத் தூக்கிக் காட்டி, "இதே கட்டம்தாங்க, பாத்தீங்களா?" என்று விசாரிக்கலாம்.

சிக்கனத்துக்கு வந்த அந்த வழக்கத்துக்கு இப்போது பெயர் 'தீம்'!

இந்த வருஷம் அப்பாவுக்கு மணிவிழா. சென்னையிலிருந்து அக்கா போன் பண்ணினாள். "டேய், அந்த தீபாவளி போட்டோவை அப்படியே மறுபடி எடுக்கறோம். அதே துணி, அதே தையல், அதே போஸ். துணி உன் பொறுப்பு. நீதான ஊர்ல இருக்க!"

அக்காவைக் குறை சொல்லி என்ன பயன்? 2009-லிருந்து கூடுகிற எண்பதுகளின் சினிமா நட்சத்திரங்களே ஒரே கலரில் வந்துதான் குரூப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். 2019-ல் ஐதராபாத்தில் சிரஞ்சீவி வீட்டில் கூடியபோது கறுப்பும் தங்க நிறமும். அடுத்த வருஷமே புகைப்படக் கலைஞர் ஜி.வெங்கட்ராம், சுஹாசினியின் 'நாம்' அறக்கட்டளைக்காக நடிகைகளை ரவிவர்மா ஓவியங்களில் இருப்பதுபோலவே உடுத்தி, நகை பூட்டி, நிற்கவைத்து ஒரு காலண்டர் எடுத்தார். அதற்கப்புறம் எங்கள் பக்கத்துப் போட்டோகிராபர்கள்கூட ரேட் கார்டில் 'ரவிவர்மா' என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். அதற்குக் கீழே '90'ஸ் கிட்ஸ்'. ஒரு மணி நேரத்துக்கு ஆறாயிரம்.

துணிக்கு என்ன பஞ்சம் என்று நினைத்தேன். ஆர்.கே.பேட்டையாயிற்றே! இந்தப் பக்கம் அம்மையார்குப்பம், அந்தப் பக்கம் பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு... எங்கே நின்றாலும் விசைத்தறிச் சத்தம்தான். எங்கள் வீட்டிலேயே கூலிக்கு ரெண்டு தறி ஓடியது. தறிச் சத்தம் நின்றால் முழித்துக்கொண்டு அழுகிற பிள்ளைகள் நாங்கள்.

தலையணை உறையைப் பிரித்தேன். மேலே வெளிறியிருந்தாலும் தையலுக்கு உள்ளே மடிந்திருந்த இடத்தில் பழைய சிவப்பு அப்படியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தறி வைத்திருக்கும் ஒரு மாமாவிடம் போனேன். "இதே மாதிரி ஒரு பத்து மீட்டர் நெய்து குடுங்க மாமா."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாபா, பி.காம். படிச்சவன்தான நீ? நூல் வாங்கணும், சாயம் போடணும், பாவு சுத்தணும். ஒரு பாவு ஏத்துனா நூத்துக்கணக்குல மீட்டர் ஓட்டுனாதான் கட்டுப்படியாவும். பத்து மீட்டர் போவ, மீதிய உங்கப்பன் தலையில சுத்தறதா?"

அவரே வழியும் காட்டினார். "கைலிக் கடையில பாரு. கட்டம் இன்னும் கைலியிலதான் உசுரோட இருக்கு."

கிடைத்தது! மஞ்சள் கோடு மட்டும் அரை நூல் தடிமன். பதினொரு கைலி வாங்கினேன்.

"கைலியில சட்டையா? மானம் போவுது" என்றாள் என் வீட்டுக்காரி. அவளுக்கு ஒரு கதை சொன்னேன். 1960-களில் நம் பக்கத்துக் கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு அமெரிக்காவில் ஏக கிராக்கி. பேரே 'மெட்ராஸ்'. ஒரே சிக்கல், துவைத்தால் சாயம் போகும். வியாபாரி அசருவானா? 'சாயம் போகும், அதற்கு நாங்கள் கியாரண்டி!' என்று விளம்பரம் பண்ணினான். ஒவ்வொரு துவையலுக்கும் ஒரு புது நிறம் என்று பெரிய காலேஜ் பையன்கள் தேடி வாங்கினார்கள். "நம்மூர்ல சாயம் போனா கடைக்காரன் சட்டையில்ல பிடிப்போம்?" என்றாள். நியாயம்தான்.

தையலுக்கு, அந்த வருஷம் தைத்த அதே டெய்லர் அண்ணனிடம் போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி போட்டோவைப் பார்த்தார். "காலரு நாய்க் காது மாதிரி நீட்டி இருக்கு பாரு, அதான் அப்ப பேஷன்" என்று அவரே சிரித்துக்கொண்டார். பஃப் கைக்குத்தான் பெரிய விவாதம். "இப்ப வெக்கிற பஃப்பு சும்மா பொம்முனு நிக்கும். இது அப்படி இல்ல. தோள்கிட்ட ஏழு கொசுவம், கைகிட்ட சின்னதா ஒரு பட்டி. உங்கக்காவுக்கு அன்னைக்கு ஒம்பது வயசு, இன்னைக்கு முப்பத்தெட்டு. அளவு எடுக்காம நான் கத்தரியத் தொடமாட்டேன்." நாற்பது வயசை நெருங்கும் தம்பியின் டிராயருக்கு அளவெடுத்தபோது கடை வாசலில் சின்னக் கூட்டமே கூடிவிட்டது. (முழங்காலுக்கு மேலா, கீழா என்று ஓட்டெடுப்பு நடந்து, கீழே என்று தீர்ப்பானது.)

எல்லாம் சரி. அம்மா?

அந்தப் போட்டோவில் அம்மா இல்லை. சின்ன வயசில் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான் வரும். "தறியில பாவு பாதியில நின்னுச்சு. விட்டுட்டு எப்படி வர்றது?" நாங்களும் நம்பினோம். 29 வருஷம் நம்பினோம்.

அப்பாவிடம் ஒரு கூலி நோட்டு உண்டு. வாரக்கூலி, முன்பணம், வீட்டுச் செலவு எல்லாம் அதில்தான். பழைய செலவையும் புதுச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு மணிவிழாவில் ஒரு தமாஷ் பண்ணலாம் என்று பரணிலிருந்து 1996 நோட்டைத் தேடி எடுத்தேன். தீபாவளிப் பக்கம். துணி 10 மீட்டர், 220. தையல் கூலி, 95. போட்டோ 3 காப்பி, 60. ஆக, 375. கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. படித்த புத்தி சும்மா இருக்குமா? அடித்திருந்த வரியையும் படித்தேன்.

'புடவை 1, 285.'

அது மேலே ஒரே கோடாக அடித்திருந்தது. அப்போதுதான் உறைத்தது. தீபாவளியன்றைக்கு ஆர்.கே.பேட்டையில் எந்தத் தறி ஓடும்?

அப்பாவிடம் நோட்டை நீட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "முன்பணம் பாதிதான் வந்துச்சு. கடையில எடுத்து வச்சிட்டு வந்த புடவைய வாங்க முடியல. பொங்கலுக்கு எடுத்துக்கறேன்னா. பழைய புடவையோட உங்ககூட நின்னா படம் நல்லா இருக்காதுன்னு அவதான் வரலைன்னுட்டா. பொங்கலுக்குத் தம்பிக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு..."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அடுக்களையில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நோட்டு விஷயத்தைச் சொல்லாமல் கேட்டேன். "ஏம்மா, அந்த தீபாவளிக்குப் புடவை எடுத்திருந்தா என்ன கலர் எடுத்திருப்ப?"

யோசிக்கவே இல்லை. "மயில்கழுத்துக் கலர். அரக்கு பார்டரு. முந்தில சின்னச் சின்னதா மாங்கா." அப்புறம் நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்குடா கேக்கற?"

அக்காவும் நானும் ஐந்து கடை ஏறினோம். மயில்கழுத்து இருந்தால் பார்டர் பச்சை. பார்டர் அரக்காக இருந்தால் முந்தானையில் மாங்காய்க்குப் பதில் யானை. கடைசியில் திருத்தணியில் ஒரு சின்னக் கடையில், அடுக்கின் அடியிலிருந்து எடுத்துப் போட்டார் கடைக்காரர். "பழைய ஸ்டாக்கும்மா. இந்த டிசைனு இப்ப யாரும் கேக்கறது இல்ல" என்றார். "நாங்க கேக்கறோம்" என்று அக்கா அழுதுவிட்டாள். கடைக்காரர் பயந்துபோய் நூறு ரூபாய் குறைத்தார். 1,350.

மணிவிழாவன்று போட்டோகிராபர் வாத்து, ஏரி சகிதம் பெரிய பேனர் கொண்டுவந்து கட்டினார். கால் சேர்த்து, கை முழங்காலில் வைத்து, அப்பா சட்டைப்பையில் பேனா வைத்து உட்கார்ந்தோம். "பழைய படத்துல யாரும் சிரிக்கல, சிரிக்காதீங்க" என்றார். நாலு பேரும் சிரிக்கவில்லை. டிராயரோடு இறுக்கமாக உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்து அம்மாதான் ஒவ்வொரு தடவையும் சிரித்துவிட்டாள். எந்தப் படத்திலும் அம்மா வாய் மூடியிருக்கவில்லை. மயில்கழுத்தில், நடு நாயகமாக, வாயைப் பொத்திக்கொண்டு!

கிளம்பும்போது போட்டோகிராபர் ஒரு யோசனை சொன்னார். "ஸார், பழைய போட்டோவைக் குடுங்க. கம்ப்யூட்டர்ல அம்மாவை அதுக்குள்ளயே நிக்க வெச்சிடலாம். வயசைக்கூட குறைச்சிடலாம். ஐந்நூறு ரூபாதான்."

அக்காவுக்கு ஆசை. எனக்கும்தான். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "வேணாம்பா. அன்னைக்கு நான் வீட்லதான் இருந்தேன். போட்டோ எதுக்குப் பொய் சொல்லணும்?"

இப்போது ஹாலில் ரெண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. கைலிச் சட்டையை அப்பா தினமும் போடுகிறார். முதல் துவையலிலேயே என் வெள்ளை வேட்டி ரோஸ் கலராகிவிட்டது. அமெரிக்காவில் இதற்குக் கியாரண்டி கொடுத்தார்கள் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். வேட்டியைத் தனியாகத் துவைக்கிற வேலை எனக்கு வந்ததுதான் மிச்சம்!