பூட்டு திறக்க மறுக்கிறதா? பூட்டுக்காரரிடம் கேட்போம்!

திண்டுக்கல் என்றதும் நம் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, ஊருக்கு நடுவே நிற்கும் மலைக்கோட்டை. மற்றொன்று, பூட்டு. இவ்வூர்ப் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய் வடிவில் அமைந்த மாங்காய்ப் பூட்டும், சாவியைத் திருப்பும்போது மணியடிக்கும் பூட்டும் இங்குள்ள கைவினைஞர்களின் திறமைக்குச் சான்றுகள். இயந்திரத்தில் செய்து மலிவாக விற்கும் பூட்டுகள் கடைகளில் நிறைந்துவிட்ட இந்நாளிலும், அரமும் சுத்தியும் கொண்டு கையாலேயே பூட்டுச் செய்பவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

மாணவ நண்பர்களே! வீட்டில் தினமும் நாம் தொடும் இயந்திரம் எது என்று கேட்டால் மின்விசிறி என்பீர்கள், மிதிவண்டி என்பீர்கள். வாசற்கதவின் பூட்டை யாரும் சொல்லமாட்டீர்கள். அது ஒழுங்காக வேலை செய்யும்வரை நமக்கு அதன் நினைவே வருவதில்லை. ஒரு நாள் சாவி திரும்ப மறுக்கும். அந்த நாள் தேர்வு நாளாக இருக்கலாம். கதவுக்கு உள்ளே பாட்டி தனியாக இருக்கலாம். ஆனால் எந்தப் பூட்டும் ஒரே நாளில் கெட்டுவிடுவதில்லை. பல வாரங்களாகவே சாவி கொஞ்சம் கொஞ்சமாக இறுகி நமக்கு முன்னறிவிப்புத் தருகிறது. அதைப் புரிந்துகொண்டால் நாமே செய்யக்கூடிய வேலை எது, பூட்டுக்காரரிடம் போக வேண்டிய வேலை எது என்று பிரித்து அறியலாம்.

பூட்டின் உள்ளே

நம் வீடுகளில் உள்ள பழைய பூட்டுகள் பலவும் லீவர் பூட்டுகள். '6 லீவர்', '7 லீவர்' என்று பூட்டின் மேலேயே பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். லீவர் என்பது ஒரு மெல்லிய பித்தளைத் தகடு. இத்தகைய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு சிறு ஸ்பிரிங் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு சிறு வாசல் வெட்டப்பட்டிருக்கும்.

பூட்டின் நாக்கில் ஒரு சிறிய முளை உண்டு. எல்லாத் தகடுகளின் வாசல்களும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் அந்த முளை அவற்றினூடே நகர முடியும். சாவியின் பற்கள் வெவ்வேறு உயரத்தில் வெட்டப்பட்டிருப்பது எதற்கு என்று இப்போது விளங்குகிறதா? ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்குகிறது. குறைவாகத் தூக்கினாலும் திறக்காது. கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காது. இந்த இரட்டைக் காவல் முறையை இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் பாரன் என்பவர் 1778இல் உருவாக்கினார்.

ஒரு சிறு கணக்கு. ஒரு பல்லுக்கு 4 வகை உயரம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு லீவர் இருந்தால் 4 வகைச் சாவிகள். இரண்டு லீவர் என்றால் 4 × 4 = 16. ஆறு லீவர் என்றால் 4,096. ஏழு என்றால் 16,384! ஒரே ஒரு தகடு கூடியதும் சாவி வகைகள் நான்கு மடங்காகிவிட்டன. (எல்லாப் பற்களும் ஒரே உயரமாக அமையும் சாவி போன்ற சிலவற்றைச் செய்பவர்கள் ஒதுக்கிவிடுவார்கள்.)

முளைக்கும் வாசலுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கே சிறிது தூசி படிந்தாலே தகடு சரியான உயரத்தில் நிற்காது. இரும்பு துருப்பிடித்தால் நிலைமை இன்னும் மோசம். ஏனெனில் துரு, தான் உண்டான இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்கிறது.

பூட்டுக்காரர் கேட்கும் கேள்விகள்

"பூட்டு கெட்டுப்போச்சு" என்று மட்டும் சொன்னால் எந்தத் தொழிலாளியாலும் வழி சொல்ல முடியாது. மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்வது போன்றது அது. நல்ல பூட்டுக்காரர் பெட்டியைத் திறக்கும் முன்பே சில கேள்விகள் கேட்பார்.

1. சாவி முழுவதும் உள்ளே போகிறதா, பாதியில் நிற்கிறதா?
2. உள்ளே போன சாவி கொஞ்சமாவது திரும்புகிறதா?
3. மாற்றுச் சாவி போட்டாலும் இதே தொல்லைதானா?
4. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினால் எப்படி இருக்கிறது?
5. எப்போதிலிருந்து? மழைக்கு முன்னா, பின்னா?

இவற்றை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு கேள்வியும் ஒரு சோதனை. பாதியில் நின்றால் சாவித்துளையில் ஏதோ அடைத்திருக்கிறது. மாற்றுச் சாவி சுலபமாகத் திரும்பினால் பூட்டில் குற்றமில்லை, பழைய சாவிதான் தேய்ந்திருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது, மற்றவற்றை அப்படியே வைத்திருப்பது என்பதுதான் நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கற்றுத்தரும் முறையும். இந்த ஐந்துக்கும் விடை எழுதிக்கொண்டு போனால், பாதி வேலை முடிந்த மாதிரி.

கதவின் குற்றமா, பூட்டின் குற்றமா?

நான்காவது கேள்வி மிக முக்கியமானது. கதவு திறந்திருக்கும்போது சாவி இலகுவாகத் திரும்புகிறது. சாத்தினால் மட்டும் இறுகுகிறது என்றால், பூட்டைத் தொடவே தேவையில்லை. நாக்கு, நிலையில் உள்ள துளைக்கு நேராகப் போகவில்லை என்பதே பொருள்.

இதற்குக் காரணம் இரண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது. மரம் இழையின் நீளவாக்கில் மிகக் குறைவாகவும், குறுக்குவாக்கில் அதிகமாகவும் உப்பும். ஆகவே கதவின் உயரம் மாறுவதில்லை. அகலம்தான் கூடி நிலையில் உராய்கிறது. மற்றொரு காரணம், கீலின் திருகாணிகள் தளர்ந்து கதவு தொங்கிப்போவது.

எது என்று கண்டுபிடிக்க ஒரு சுண்ணக்கட்டி போதும். நாக்கின் முனையில் சுண்ணக்கட்டியை நன்றாகத் தேயுங்கள். கதவைச் சாத்திச் சாவியைத் திருப்புங்கள். பிறகு நிலையைப் பாருங்கள். வெள்ளைத் தடம் துளைக்குக் கீழே விழுந்திருந்தால் கதவு தொங்கியிருக்கிறது. திருகாணியை முறுக்குங்கள். துளை பெரிதாகித் திருகாணி பிடிக்காவிட்டால், மருந்தை நீக்கிய தீக்குச்சிகளில் மரப்பசை தடவித் துளையில் செருகி, காய்ந்தபின் திருகாணியைப் பூட்டுங்கள். கதவு உப்பியிருந்தாலோ, அவசரப்பட்டு இழைப்புளி போடச் சொல்லாதீர்கள். மழை நின்று மரம் காய்ந்ததும் அது பழைய அளவுக்குத் திரும்பும். மழையில் இழைத்த கதவில் கோடையில் சந்து விழும்.

எண்ணெயா, பென்சில் தூளா?

கதவு திறந்திருந்தாலும் சாவி இறுகுகிறதா? அப்படியானால் பூட்டுக்குள் அழுக்கு. முதலில் தூசியை வெளியேற்றுங்கள். தொங்கு பூட்டானால் துளை கீழே பார்க்கும்படி பிடித்து ஒரு மரப்பலகையில் மெல்லத் தட்டுங்கள். கதவுப் பூட்டானால் மிதிவண்டிப் பம்பால் துளைக்குள் காற்றடியுங்கள். முகத்தைச் சற்று விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். தூசி கண்ணில் தெறிக்கும்.

அடுத்து உராய்வைக் குறைக்க வேண்டும். அடுப்படியிலிருந்து தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றுவது பல வீடுகளில் வழக்கம். அன்றைக்குச் சாவி சுகமாகத் திரும்பும். ஆனால் தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் கிண்ணத்தில் உறைந்து கிடப்பது பூட்டுக்குள்ளும் உறைந்துதானே கிடக்கும்? நல்லெண்ணெயோ காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்லச் சேர்ந்து பிசினாக இறுகும். இரண்டுமே தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எனவே சமையல் எண்ணெய் வேண்டாம். தையல் இயந்திரத்துக்குப் போடும் மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும்.

அதைவிடச் சுலபமான வழி உங்கள் புத்தகப் பையிலேயே இருக்கிறது. பென்சிலின் உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த கலவை. கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் தாள் தாளாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தாளும் உறுதியானது; ஆனால் தாளுக்கும் தாளுக்கும் இடையே பிணைப்பு வலுக்குறைவு. எனவே ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்கும். 2பி போன்ற மென்மையான பென்சிலால் சாவியின் பற்களில் இருபுறமும் கறுப்பாகத் தேய்த்து, சாவியைப் பத்துப் பன்னிரண்டு முறை நுழைத்துத் திருப்புங்கள். கிராஃபைட் உலர்ந்த தூள் ஆகையால் தூசியை ஒட்டவைக்காது. ஆனால் எண்ணெய், பென்சில் இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். சேர்ந்தால் கறுப்புச் சேறுதான் மிஞ்சும்.

குறடு வேண்டாம்!

திரும்பாத சாவியைக் குறடு போட்டுத் திருப்பப் பலருக்கும் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். திருப்புத்திறன் என்பது விசையையும், அச்சிலிருந்து அதன் தொலைவையும் பெருக்கி வருவது. சாவியைப் பிடிக்கும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அச்சிலிருந்து ஏறக்குறைய 1 செ.மீ. தொலைவில் அழுத்துகின்றன. இரண்டும் சேர்ந்து 2 பங்கு. குறடின் கைப்பிடியோ 15 செ.மீ. தொலைவில் இருக்கிறது. அதே விசைக்கு 15 பங்கு! ஏழு மடங்குக்கும் மேலான முறுக்கைச் சாவியின் மெல்லிய கழுத்து எப்படித் தாங்கும்? அது முறிந்து பாதி உள்ளே தங்கிவிடும். இரண்டு விரலால் திரும்பாத சாவியை எதனாலும் திருப்பக்கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது நிறுத்துவது?

சாவி உள்ளே முறிந்தாலோ, சாவி சும்மா சுற்றி நாக்கு அசையாமல் இருந்தாலோ, உள்ளே ஸ்பிரிங் உடைந்த ஓசை கேட்டாலோ நம் வேலை அங்கே முடிந்தது. பூட்டைப் பிரித்தால் தகடுகளின் வரிசை கலைந்துவிடும். மறுபடி அடுக்குவது பயிற்சி உள்ளவரின் வேலை. உள்ளே குழந்தையோ முதியவரோ நோயாளியோ அகப்பட்டிருந்தால் சோதனைகள் எதுவும் வேண்டாம். உடனே பெரியவர்களைக் கூப்பிடுங்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். கதவைவிட உயிர் பெரிது.

உதவி கேட்கும்போது சில எச்சரிக்கைகளும் தேவை. சாவியைக் கைப்பேசியில் படம் பிடித்து யாருக்கும் அனுப்பாதீர்கள். பற்களின் உயரத்தைப் படத்திலிருந்தே கணக்கிட்டுவிடலாம். மாற்றுச் சாவி வெட்டக் கொடுக்கும்போது, தேய்ந்த சாவியைக் கொடுக்காமல் பூட்டோடு வந்த முதற்சாவியைக் கொடுங்கள். நகலுக்கு நகல் எடுத்தால் பிழைக்கு மேல் பிழை சேரும். பூட்டுக்காரர் "இது யார் வீட்டுப் பூட்டு?" என்று விசாரித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்படிக் கேட்பவரே நம்பத் தகுந்தவர்.

பழுதான பூட்டுக்காக அவரிடம் போகும் நாளில், அவர் அதைப் பிரிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். தகடுகளை எண்ணுங்கள். வாசல்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபடுகின்றன என்று கவனியுங்கள். அதற்கு முன்பாக இன்று மாலையே உங்கள் வீட்டுப் பூட்டுகள் அனைத்தையும் ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். இறுகும் சாவி எது என்று குறித்துக்கொண்டு, பென்சிலைக் கையில் எடுங்கள்.