உங்களுக்குத் தெரியுமா? துப்பாக்கிக் குழலும் மண்ணெண்ணெய்ப் புட்டியும்

அமெரிக்காவில் வேட்டைக்குப் போகும் குடும்பங்களில் வளர்ந்த பலருக்கு, அப்பாவின் துப்பாக்கி என்றதும் நினைவுக்கு வருவது வாழைப்பழ வாசனை! 1903இல் பிலடெல்பியாவில் ஃபிராங்க் ஆகஸ்ட் ஹோப்பே என்பவர் உருவாக்கிய 'ஹோப்பேஸ் நம்பர் 9' என்ற துப்பாக்கிக் கழுவு திரவத்தின் மணம் அது. அமைல் அசிடேட் என்ற பொருள்தான் அந்த மணத்தைக் கொடுக்கிறது. அந்தச் சின்னப் புட்டிக்குள் வேறு என்ன இருக்கிறது? மண்ணெண்ணெய், ஆல்கஹால், ஒலியிக் அமிலம், கொஞ்சம் அம்மோனியா. பெரும்பாலும் எளிதில் கிடைக்கும் சரக்குகள். அப்படியானால் நாமே மலிவாகக் கலந்துகொள்ளலாமே என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

✦

2018இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, அமெரிக்கப் பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள் சுமார் 39 கோடி. அந்நாட்டு மக்கள்தொகையைவிட அதிகம். அத்தனையையும் யாரோ ஒருவர் வீட்டிலோ கார் கொட்டகையிலோ உட்கார்ந்து துடைக்கத்தான் வேண்டும். மலிவான திரவம் எது என்று தேடுகிறவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் அழுக்கைப் பார்க்க வேண்டும். குழலுக்குள் படிவது ஒரே அழுக்கு அல்ல: உப்பு உண்டு, கரி உண்டு, செம்பு உண்டு, காரீயம் உண்டு. உப்பைக் கரைப்பது கரியைக் கரைக்காது. கரியைக் கரைப்பது செம்பைத் தொடாது.

✦

எல்லாவற்றிலும் மலிவான கரைப்பான் தண்ணீர். வெடியுப்பு, கந்தகம், அடுப்புக்கரி மூன்றும் சேர்ந்த பழைய கருமருந்துத் துப்பாக்கிகளுக்கு இன்றும் அதுதான் முதல் மருந்து. கருமருந்து எரிந்தபின் மிஞ்சுவதில் பெரும்பகுதி பொட்டாசியம் உப்புகள். அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். எண்ணெயில் கரையாது, வெந்நீரில் கரையும். சோப்புத் தண்ணீரில் கழுவும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால், கந்தகத்தின் மிச்சம் வெளியேறுகிறது என்று அர்த்தம். கழுவியதும் குழல் சூடாக இருக்கும்போதே ஈரம் போகத் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் சீக்கிரமே துரு பூத்துவிடும்.

✦

பிரிட்டிஷ் சிப்பாய்கள் .303 ரைஃபிளின் குழலில் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றியதும் இதே காரணத்துக்காகத்தான். அக்காலத் தோட்டாவின் கேப்பில், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடியில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். நம் சமையல் உப்புக்குச் சித்தப்பா மகன் போன்ற பொருள். இரும்பை அரிப்பதிலும் அதே குணம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் தந்த எம்1 கார்பைனுக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே அரிக்காத கேப் வைத்த தோட்டாக்களையே செய்தார்கள். அதன் வாயு உந்துதண்டைக் கழற்றித் துடைப்பது சிப்பாய்க்கு எளிதல்ல என்பதே காரணம்.

பழைய ராணுவத் தோட்டாக்களைச் சுடுகிறவர்கள் சிலர், கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தைக் குழலில் அடிப்பார்கள். அதிலுள்ள அம்மோனியா உப்பை 'முறித்துவிடும்' என்ற நம்பிக்கை. உப்பை முறிக்க ஒன்றுமில்லை, கரைத்து வெளியேற்றினால் போதும். அந்த வேலையைச் செய்வது அந்தப் புட்டியில் இருக்கும் தண்ணீர். குழாயைத் திறந்தால் அது இலவசமாகவே வருகிறது!

✦

இந்தத் துறையின் மிக அழகான கதை ஒரு திமிங்கலத்தில் தொடங்குகிறது. ஹோப்பேயின் அதே பிலடெல்பியாவில் இருந்தது ஃபிராங்ஃபோர்ட் ஆயுதச்சாலை. அங்கே பயன்பட்ட '18ஆம் எண்' கழுவு திரவத்தின் செய்முறையை, மேஜர் ஜெனரல் ஜூலியன் ஹாட்சர் 1947இல் வெளியான தன் குறிப்புப் புத்தகத்தில் பதிவுசெய்தார். அசிட்டோன், டர்பன்டைன், மண்ணெண்ணெய், ஸ்பெர்ம் திமிங்கல எண்ணெய் ஆகியவைதான் அதன் சரக்கு. 1970இல் அமெரிக்கா அந்தத் திமிங்கலத்தை அழியும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. எண்ணெய்க்கு வழி அடைபட்டது.

பின்னாளில் எட் ஹாரிஸ் என்ற துப்பாக்கி வல்லுநர் அந்தப் பழைய செய்முறையைத் தூசிதட்டி எடுத்தார். திமிங்கல எண்ணெய் இருந்த இடத்தில், காரின் தானியங்கி கியர்பெட்டிக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெயை வைத்தார். டர்பன்டைனுக்குப் பதிலாகப் பெயின்ட் கலக்கும் மினரல் ஸ்பிரிட். அதோடு மண்ணெண்ணெய், அசிட்டோன். நான்கும் சம அளவு. நிறத்தை வைத்து 'எட்ஸ் ரெட்' என்று பெயர் நிலைத்தது. கியர்பெட்டி எண்ணெய்க்கும் திமிங்கலத்துக்கும் ஓர் உறவு உண்டு: 1970களின் தொடக்கம் வரை அந்த எண்ணெயிலும் ஸ்பெர்ம் திமிங்கல எண்ணெய் கலந்தார்கள். அதற்கு மாற்றுத் தேடிய வேதியியலாளர்களின் உழைப்பு, சுற்றிவந்து துப்பாக்கிக் குழலுக்கும் உதவியது. ஹாரிஸ் இந்தச் செய்முறையை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். தன் கலவை கரியைக் கரைக்கும், செம்பைக் கரைக்காது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

வீட்டுக்குள் துடைப்பவர்கள் இதில் அசிட்டோனை விட்டுவிடலாம். வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நகப்பூச்சு அழிக்கும் அதே அசிட்டோன், துப்பாக்கிக் கட்டையின் வார்னிஷையும் பலவகைப் பிளாஸ்டிக்கையும் அழித்துவிடும்.

✦

செம்புக்கு அம்மோனியா. செம்பு உறையிட்ட குண்டுகள் பாயும்போது குழலில் ஒரு மெல்லிய செம்புப் படலம் ஒட்டும். அம்மோனியா கலந்த திரவத்தைத் தடவித் துணியை விட்டு எடுத்தால், அது ஆழ்ந்த நீலமாக வரும். ஆனால் துணியைத் தள்ளும் கம்பியின் முனை பித்தளையாக இருந்தால், குழல் சுத்தமாக இருந்தாலும் துணி நீலமாகும். அந்த நீலம் பித்தளையிலுள்ள செம்பிலிருந்து வருவது. இது தெரியாமல் மணிக்கணக்கில் தேய்ப்பவர்கள் உண்டு.

✦

என்.சி.சி.யில் இருந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் 'சிந்தி' என்ற சொல் நினைவிருக்கும். துடைக்க 4 அங்குல நீளம், 2 அங்குல அகலத் துணி. எண்ணெய் பூச அதைவிட அகலம் குறைந்த துணி. திரவம் எதுவானாலும் அழுக்கை வெளியே கொண்டுவருவது அந்தத் துணித் துண்டுதான். பழைய பனியனைக் கத்தரித்தால் போதும்.

✦

'பாலிஸ்டால்' எண்ணெய் 1904இல் ஜெர்மனியில் பிறந்தது. அதைத் தண்ணீரோடு கலந்தால் பால்போல வெளுக்கும். உப்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் ஒருசேரப் போக்க அந்தப் பாலைப் பயன்படுத்துகிறார்கள். 1953இல் சான் டியாகோவில் பிறந்த 'டபிள்யூடி-40' ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்யப்பட்டது. 40ஆவது முயற்சியில் வென்றதால் அந்த எண். துடைக்கவும் ஈரம் போக்கவும் அது நல்லது. ஆனால் அதையே நெடுநாள் மசகு எண்ணெயாக நம்பி உள்ளே அடித்துவைத்தால் பிசினாக இறுகிவிடும்.

✦

பெட்ரோல் வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்ற ஏறக்குறைய 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வேண்டும். அசிட்டோனுக்கு மைனஸ் 20 டிகிரியே போதும். பெட்ரோலுக்கோ மைனஸ் 40 டிகிரி அளவிலேயே ஆவி பற்றிக்கொள்ளும். அதாவது எந்த அறையிலும், எந்தப் பருவத்திலும், ஒரு சுவிட்சின் பொறிக்கு அது தயாராகக் காத்திருக்கிறது.

✦

கார் பிரேக் கழுவும் ஸ்பிரே மலிவு, வேகமாகவும் உலர்கிறது. குளோரின் சேர்ந்த வகைகள் தீப்பற்றாது என்பதால் பத்திரம் என்று நினைப்பார்கள். ஆனால் அவற்றின் ஆவி வெல்டிங் நெருப்பு போன்ற கடும் சூட்டில் சிதைந்தால் பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் ஆட்களைக் கொன்ற அதே வாயு. அந்த ஸ்பிரேக்களில் இருந்த பெர்குளோரோஎத்திலீனை நுகர்வோர் பொருள்களிலிருந்து படிப்படியாக அகற்றும் விதியை, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில் வெளியிட்டது.

✦

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சம அளவு கலந்தால் குழலில் ஒட்டிய காரீயம் நிமிடங்களில் கரைந்துவிடும். இரண்டும் சமையலறையிலும் மருந்துப் பெட்டியிலும் இருப்பவை, விலையும் சொற்பம். கரைந்த காரீயம் எங்கே போகிறது? ஈய அசிடேட்டாகி அந்தத் தண்ணீரில் நிற்கிறது. இனிப்பாக இருப்பதால் 'ஈயச் சர்க்கரை' என்று பழங்காலத்தில் பெயர் பெற்ற நஞ்சு அது. தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். (நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், இது காரீயம். இரண்டும் வெவ்வேறு உலோகங்கள்.) காரீயத்தைப் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்துவிடலாம், கொஞ்சம் நேரமாகும். கரைத்த நஞ்சை எந்தச் சாக்கடையில் கொட்டுவது?

பெரும்பாலான தோட்டாக்களின் கேப்பிலும் காரீயச் சேர்மம்தான் இருக்கிறது. ஆகவே ஈயக் குண்டே சுடாதவர் துடைக்கும் துணியிலும் அது உண்டு. சாப்பாட்டு மேசையில் துப்பாக்கி துடைக்கக் கூடாது. கையுறை வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், முடித்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், தோட்டா உள்ளே இல்லை என்று கண்ணாலும் விரலாலும் சரிபார்த்து, தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துவிட வேண்டும்.

✦

துப்பாக்கியின் மரக்கட்டைக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிப் போட்டால், யாரும் தீ வைக்காமலே அது தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்துத் திறந்தவெளியில் உலர்த்துங்கள்.

✦

மீந்த கலவையைக் கூல்டிரிங்ஸ் புட்டியில் ஊற்றி வைப்பதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. இது துப்பாக்கி இல்லாத நம் வீடுகளுக்கும் பொருந்தும். மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று எண்ணிக் குடித்து மருத்துவமனைக்கு வந்த குழந்தைகள் நம் நாட்டில் ஏராளம். அது வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான் பெரிய கேடு. அதனால் குழந்தையை வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வாந்தியோடு மேலே வருவது மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். குடித்த புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.