பனியில் மறையும் வண்டி

பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு மழையில் கரைய, பழைய சுவர் தலைகாட்டுவதை எங்கள் கடத்தூரில் காணலாம். போர் வண்டிகளின் சிறு மாதிரிகளுக்குப் பனிக்கால வண்ணம் தீட்டுவோர்க்கு அச்சுவரே நல்லாசான்.

1941-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ருஷ்யப் பனிவெளியில் ஜெர்மானியரின் கருஞ்சாம்பல் டாங்கிகள் பகைவர்க்கு எளிய இலக்காயின. வெள்ளை வண்ணம் போதாமையால், உயிர் காக்க வீரர்கள் சுண்ணாம்பையும் சீமைச் சுண்ணாம்பையும் கரைத்துப் பூசினர். பனி உருகியதும் அதைக் கழுவி நீக்கலாம்.

மாதிரியிலும் அவ்வரிசையே வேண்டும். முதலில் வண்டியின் அடிநிறம். அது உலர்ந்தபின் மெல்லிய ஹேர் ஸ்பிரே. அதன்மேல் சற்றே மங்கிய அக்ரிலிக் வெள்ளை. பின்னர் ஈரத் தூரிகையால் தேய்த்தால், ஹேர் ஸ்பிரே நீரில் இளகி வெள்ளை உரியும். வீரர் ஏறியிறங்கும் விளிம்புகளிலும் கதவோரங்களிலும் மிகுதியாகத் தேய்க்க வேண்டும். காலடி படாத இடத்தில் வெள்ளை நிலைக்கட்டும்.

ஆயினும், பனி என்றவுடன் வெள்ளை என்று முடிவு செய்யலாகாது. 1948 நவம்பர் 1-ஆம் நாள், நம் 7-ஆம் லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள் ஏறத்தாழ 11,500 அடி உயரமுள்ள சோஜிலா கணவாயைத் தாக்கின. வரும் வழியில் அவற்றை அடையாளம் தெரியாமல் காத்தது, பீரங்கிக் கூண்டுகளைத் தனியே கழற்றிக் கொணர்ந்த உபாயம். எனவே, அக்காலத்து ஒளிப்படங்களை ஆராய்ந்த பின்னரே தூரிகையை எடுங்கள். காரணமறிந்து தீட்டிய மாதிரியே வரலாற்றுக்கு உண்மையாகும்.