அஸ்தாத் தேபூ

அஸ்தாத் தேபூ (ஜூலை 13, 1947 - டிசம்பர் 10, 2020) இந்தியாவின் சமகால நடனக் கலைஞர்களுள் முன்னோடியாகக் கருதப்படுபவர். கதக், கதகளி ஆகிய மரபு நடனங்களையும் மேற்கத்திய நவீன நடனத்தின் உடல் நுட்பங்களையும் இணைத்துத் தமக்கென ஒரு நடன மொழியை அமைத்துக்கொண்டார். காது கேளாதோருக்கு நடனம் கற்பித்து, அவர்களைப் பொது மேடைகளில் ஆடச் செய்தமைக்காகவும் அறியப்படுகிறார்.

இளமையும் பயிற்சியும்

குஜராத் மாநிலத்தின் நவ்சாரியில் பார்சிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சிறு வயதில் பிரகலாத் தாசிடம் கதக் பயின்றார். மும்பையில் வணிகவியல் படித்த காலத்தில், அமெரிக்காவின் மரி லூயிஸ் நடனக் குழுவினரின் நிகழ்ச்சியைக் கண்டது அவருடைய பாதையை மாற்றியது. 1969 இல் சரக்குக் கப்பல் ஒன்றில் நாட்டை விட்டுப் புறப்பட்டார். இலண்டனில் மார்த்தா கிரகாமின் நடன முறையையும், நியூயார்க்கில் ஒசே லிமோனின் முறையையும் கற்றார். ஜெர்மனியில் பீனா பௌஷின் குழுவுடனும் பணியாற்றினார்.

1977 இல் நாடு திரும்பிய பின் கேரளத்தில் ஈ. கே. பணிக்கரிடம் கதகளி பயின்று, குருவாயூர் கோயிலிலும் ஆடினார். அப்போது அவருக்கு வயது முப்பது. பலர் ஆசிரியராகிவிடும் வயதில் இவர் மீண்டும் மாணவரானார்.

நடனப் பாணி

கதக்கின் சுழற்சிகளும் கதகளியின் முகபாவமும் அவருடைய ஆட்டத்தில் உண்டு. எனினும் இரண்டின் இலக்கணத்தையும் அவர் அப்படியே பின்பற்றவில்லை. மிக மெதுவான அசைவுகளும் நீண்ட சுழற்சிகளும் அவருடைய தனி அடையாளங்கள். நடனம் என்றால் புராணக் கதையை எதிர்பார்த்த இந்திய அவையினருக்கு இது அந்நியமாகத் தோன்றியது. வெளிநாடுகளிலோ இவரிடம் 'இந்தியத் தன்மை' போதவில்லை என்றனர். இந்த இரு தரப்புக் குறையையும் அவர் பல ஆண்டுகள் எதிர்கொள்ள நேர்ந்தது. 1986 இல் உருசிய பாலே கலைஞர் மாயா பிலிசெத்ஸ்கயாவுக்காக நடனம் அமைக்கும் பணியை பியேர் கார்தான் இவரிடம் ஒப்படைத்தார்.

கற்பித்தல்

1980களின் இறுதியில், கொல்கத்தாவின் காது கேளாதோர் நாடகக் குழுவான ஆக்சன் பிளேயர்ஸுடன் பணியாற்றத் தொடங்கினார். பின்னர் சென்னையின் கிளார்க் காது கேளாதோர் பள்ளி மாணவியருக்கும் பயிற்சி அளித்தார்.

இசையைக் கேட்க இயலாதவர் எவ்வாறு தாளத்தில் ஆடுகின்றனர் என்ற ஐயம் இயல்பானது. ஒவ்வோர் அசைவின் கால அளவும் எண்ணிக்கையாக மாற்றப்படுகிறது. ஆடுபவர் அதை மனத்துக்குள் எண்ணிக்கொண்டே ஆடுகிறார். எண்ணிக்கை தவறினால் இசையைக் கேட்டுச் சரிசெய்துகொள்ள வழியில்லை. அருகில் ஆடுபவரின் அசைவைப் பார்த்தே மீண்டும் இணைய வேண்டும். ஆகவே யார் எங்கு நிற்கிறார், யாருடைய கண்ணுக்கு யார் தெரிகிறார் என்பதும் நடன அமைப்பின் பகுதியாகிவிடுகிறது. அரங்கில் ஒலிக்கும் இசை பெரும்பாலும் பார்வையாளருக்கே உரியது. கிளார்க் பள்ளி மாணவியர் 2005 இல் மெல்பேர்ணில் நடைபெற்ற காது கேளாதோர் ஒலிம்பிக்கின்போது ஆடினர்.

தில்லியின் சலாம் பாலக் அறக்கட்டளையைச் சேர்ந்த தெருவோரச் சிறுவர்களுக்கும் பயிற்சி அளித்து மேடையேற்றினார். மணிப்பூரின் புங் சோலோம் மத்தளக் கலைஞர்களுடன் இணைந்தும் நிகழ்ச்சிகளை உருவாக்கினார்.

விருதுகள்

சங்கீத நாடக அகாதமி விருது (1995), பத்மஸ்ரீ (2007) ஆகியவற்றைப் பெற்றார். 2020 இல் மும்பையில் காலமானார்.