எழுபது நிமிடம் என்று சொன்னவர் எதைக் கணக்கிட்டார்?

ஒருவர் வாரத்தில் எவ்வளவு உடலுழைப்பில் ஈடுபடுகிறார் என்பதை அளக்கும் ‘ஐபேக்’ வினாத்தாளை, 1998-இல் ஜெனீவாவில் கூடிய பன்னாட்டு ஆய்வாளர்கள் உருவாக்கத் தொடங்கினர். நீண்ட வடிவத்தில் 27 கேள்விகள். சுருக்க வடிவத்தில் 7. வயது வரம்பு 15 முதல் 69 வரை.

இதை வேறொரு மொழிக்குக் கொண்டுபோகும்போது கேள்விகளின் வரிசையையும் அமைப்பையும் மாற்றக்கூடாது, எடுத்துக்காட்டுகளை மாற்றலாம். கடின உழைப்புக்கு மூலத்தில் மண்வெட்டுவதும் ஓர் எடுத்துக்காட்டு. அது எந்த ஊருக்கும் பொருந்தும். மிதமான உழைப்புக்கு இரட்டையர் டென்னிஸைச் சொல்கிறது. டென்னிஸ் மட்டையைக் கண்ணால்கூடப் பார்க்காதவரிடம் இதைக் கேட்டுப் பயனில்லை. ஏறக்குறைய அதே அளவு ஆற்றலைச் செலவழிக்கும் உள்ளூர் வேலை ஒன்றை அங்கே வைக்க வேண்டும்.

இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பார்கள். இரண்டையும் ஒன்றாக்கியபின், மூலத்தைப் பார்க்காத வேறிருவர் திரும்ப மூலமொழிக்கு மாற்றுவார்கள். வல்லுநர் குழு எல்லாவற்றையும் ஒப்பிடும். இந்த மறுமொழிபெயர்ப்பை அளவுக்குமேல் நம்பக்கூடாது. சொல்லுக்குச் சொல் பெயர்த்த கரடுமுரடான வாசகம்தான் திரும்பும்போது மூலத்தோடு அச்சாகப் பொருந்தும்.

உண்மையான கோளாறுகள் அடுத்த கட்டத்தில், 30 முதல் 40 பேரிடம் கேட்டுப் பார்க்கும்போது வெளிப்படும். ‘தொடர்ந்து 10 நிமிடமாவது செய்த வேலை’ என்கிறது கேள்வி. வீட்டுவேலை செய்யும் பெண் எழுபது நிமிடம் என்கிறார். எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டால், காலையில் ஐந்து நிமிடம், மதியம் மூன்று நிமிடம் என்று செய்ததையெல்லாம் கூட்டியிருக்கிறார். ‘கடந்த ஏழு நாட்கள்’ என்பதை ‘வழக்கமான வாரம்’ என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு.

அதன்பிறகே நம்பகத்தன்மை, செல்லுபடி ஆய்வுகள். சில நாள் கழித்து அதே ஆட்களிடம் மீண்டும் கேட்டு, பதில் மாறுகிறதா என்று பார்ப்பது ஒன்று. இடுப்பில் கட்டும் அசைவுமானியின் பதிவோடு ஒப்பிடுவது இன்னொன்று. 2000-இல் 12 நாடுகளில் நடந்த மூலச் சோதனையில் முதலாவதில் ஒட்டுறவு சுமார் 0.8, இரண்டாவதில் சுமார் 0.3தான். ஒரே பதிலைத் திரும்பச் சொல்வது வேறு, சரியான பதிலைச் சொல்வது வேறு. இரண்டாவது எண் குறைவதில் மக்களின் மிகைக்கணக்குக்குப் பங்குண்டு. ஆனால் அசைவுமானியும் குறையற்றதல்ல. சைக்கிள் மிதிப்பதையும் சுமை தூக்குவதையும் அது சரியாகப் பிடிப்பதில்லை.

பல ஆய்வேடுகள், கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா என்ற எண்ணோடு நின்றுவிடுகின்றன. நடையும் மண்வெட்டும் வேலையும் ஒரே பண்பின் இரு முகங்கள் அல்ல என்பதால், இந்த வினாத்தாளில் அந்த எண்ணால் பெரிதாக ஒன்றும் தெரியாது. தாமே படித்து நிரப்பும் வடிவத்தைச் சோதித்துவிட்டு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் வாய்மொழியாகக் கேட்பதானால், அந்த வாய்மொழி வடிவத்தையும் தனியே சோதிக்க வேண்டும்.