பழைய விளையாட்டுக் கணினிக்குப் புதிய பாகங்கள்: எதை முதலில் மாற்றுவது?

(தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – வன்பொருள் அலகுக்கான மேலதிக விளக்கம்)

மாணவர்களே,

கணினியின் வன்பொருள் பற்றிய அலகை நீங்கள் ஏற்கெனவே கற்றிருப்பீர்கள். மத்திய செயற்பாட்டு அலகு, நினைவகம், வன்தட்டு, தாய்ப்பலகை என்பவற்றின் வரைவிலக்கணங்களை மனனம் செய்து எழுதுவதில் எவருக்கும் சிரமம் இல்லை. ஆனால் “ஒரு கணினி மந்தமாக இயங்குகின்றது. எப்பாகத்தை மாற்றுவீர்? காரணம் தருக” என வினவினால், என் வகுப்பில் பெரும்பாலான விடைத்தாள்களில் “றாம் கூட்ட வேண்டும்” என்ற ஒரே விடைதான் வருகின்றது. காரணம் எழுதுவோர் மிகச் சிலரே. அக்காரணத்தை எவ்வாறு கண்டுபிடிப்பது என்பதை, உங்களிற் பலருக்கு விருப்பமான விளையாட்டுக் கணினி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு நோக்குவோம். பரீட்சைக்கு மாத்திரமன்றி, வீட்டில் சேர்த்துவைத்த காசை வீணாக்காதிருக்கவும் இது உதவும்.

முதலில் ஒரு சிறு திருத்தம். மேசைக்குக் கீழ் இருக்கும் பெட்டி முழுவதையும் “சிபியூ” என்று சொல்வது நம் ஊர் வழக்கம். விடைத்தாளில் அவ்வாறு எழுதவேண்டாம். அது கேசிங். அதனுள்ளே தாய்ப்பலகையில் பொருத்தப்பட்டுள்ள, தீப்பெட்டியிலும் சிறிய துண்டே மத்திய செயற்பாட்டு அலகு ஆகும். கடையில் அதைப் புரொசசர் என்பார்கள். வரைவியல் அட்டையை விஜிஏ என்றும், வலு வழங்கியைப் பவர் சப்ளை என்றும் சொல்வார்கள். இங்கு இரு வழக்குகளையும் கலந்தே எழுதுகின்றேன்.

நாம் எடுத்துக்கொள்ளும் கணினி

2015 அளவில் வாங்கப்பட்ட ஒரு கணினி. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5-4460 புரொசசர், எச்81 தாய்ப்பலகை, 8 ஜிபி டிடிஆர்3 றாம் ஒரே அட்டையாக, ஜிரிஎக்ஸ் 750 ரிஐ வரைவியல் அட்டை, நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும் வன்தட்டு, கேசிங்குடன் சேர்ந்து வந்த பவர் சப்ளை. அக்காலத்தில் இது நல்ல கணினி. இன்றோ புதிய விளையாட்டுகளில் படம் விட்டுவிட்டு அசைகின்றது. வின்டோஸ் திறந்து முடிவதற்குள் தேநீர் குடித்துவிடலாம்.

புதிதாக ஒன்று வாங்கலாமே என்று கேட்பீர்கள். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியதை நாம் அனைவரும் அறிவோம். கணினிப் பாகங்கள் யாவும் இறக்குமதிப் பொருள்கள். போதாக்குறைக்கு, செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களின் கேள்வி அதிகரித்ததால் 2025 இன் இறுதியில் உலகெங்கும் றாம் விலை சடுதியாக உயர்ந்தது. ஆகவே பழையதைத் திருத்திப் பாவிப்பது பற்றிச் சிந்திப்பது நியாயமே.

போத்தல் கழுத்து

கணினியின் வேகம் அதன் பாகங்களின் வேகங்களைக் கூட்டி வருவதன்று. மிக மெதுவான பாகமே வேகத்தைத் தீர்மானிக்கின்றது. போத்தல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நீர் அதன் கழுத்தின் அளவுக்கே வெளியேறும் அல்லவா? இதனால் அப்பாகத்தைப் போத்தல் கழுத்து என்பர்.

கொத்துரொட்டிக் கடையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் ரொட்டி சுடுகின்றார், மற்றவர் கொத்துகின்றார். ரொட்டி சுட 2 நிமிடம், கொத்த 4 நிமிடம் எனின் 4 நிமிடத்துக்கு ஒரு பார்சல்தான் வெளியே வரும். ரொட்டி சுடுபவர் எவ்வளவு விரைவாகச் சுட்டாலும் பயனில்லை, ரொட்டி குவிந்து கிடக்கும். விளையாட்டில் ரொட்டி சுடுபவர் புரொசசர். எதிரி எங்கே நிற்கின்றான், குண்டு எங்கே பட்டது என்பவற்றை அது கணிக்கின்றது. கொத்துபவர் வரைவியல் அட்டை. அக்கணிப்பை அது படமாக வரைகின்றது.

இப்போது எண்களில் பார்ப்போம். (இவை விளக்கத்துக்காக எடுக்கப்பட்ட எண்கள்.) ஒரு சட்டகத்துக்குப் புரொசசர் 20 மில்லிசெக்கனும் வரைவியல் அட்டை 40 மில்லிசெக்கனும் எடுக்கின்றன என்க. இரண்டும் ஒரே சமயத்தில் வெவ்வேறு சட்டகங்களில் வேலை செய்வதால், பெரிய எண்ணே கணக்கில் வரும்.

1000 ÷ 40 = செக்கனுக்கு 25 சட்டகங்கள்.

ஒரு மாணவன் ஆசைப்பட்டு 10 மில்லிசெக்கனில் வரையும் விலையுயர்ந்த அட்டையை வாங்குகின்றான். நான்கு மடங்கு வேகமான அட்டை, ஆகவே 100 சட்டகங்கள் வருமென எதிர்பார்க்கின்றான். வருவது 1000 ÷ 20 = 50 மாத்திரமே. போத்தல் கழுத்து இப்போது புரொசசருக்கு மாறிவிட்டது. 20 மில்லிசெக்கனில் வரையும் மலிவான அட்டையை வாங்கியிருந்தாலும் இதே 50 தான். நான் கலைப் பிரிவில் படித்தவன், பொருளியலில் இதற்கு அமையச் செலவு என்று பெயர். மேலதிகமாகக் கொடுத்த பணத்தில் வாங்கியிருக்கக்கூடிய எஸ்எஸ்டியே அவன் இழந்தது.

எது கழுத்து என எவ்வாறு அறிவது?

இதற்குச் செலவே இல்லை. விளையாட்டின் அமைப்புப் பகுதியில் திரைத் தெளிவை 1920×1080 இலிருந்து 1280×720 ஆகக் குறையுங்கள். முன்னையதில் 2,073,600 படப்புள்ளிகள், பின்னையதில் 921,600. வரைவியல் அட்டையின் வேலை பாதிக்கும் கீழே போகின்றது, புரொசசரின் வேலை ஏறத்தாழ மாறாது. சட்டகங்கள் நன்கு அதிகரித்தால் கழுத்து வரைவியல் அட்டை. அசையாமல் நின்றால் புரொசசர்.

டாஸ்க் மனேஜரையும் பார்க்கலாம், ஆனால் அவதானம் தேவை. நான்கு கருக்கள் உள்ள புரொசசரில் ஒரு கரு முழுமையாக வேலை செய்து மற்றவை ஓய்ந்திருந்தால் மொத்தப் பாவனை 25 வீதம் என்று காட்டும். “புரொசசரில் இன்னும் 75 வீதம் மிச்சம் இருக்கின்றது” என்று ஏமாந்துவிடக் கூடாது. நினைவகம் 90 வீதத்தைத் தாண்டி, அதே நேரம் வன்தட்டும் 100 வீதத்தில் நின்றால் றாம் போதவில்லை என்பது பொருள். இடமில்லாத தரவுகளைக் கணினி வன்தட்டில் வைத்து எடுத்துக்கொண்டிருக்கின்றது.

வன்தட்டு ஏன் அவ்வளவு மெதுவானது? நிமிடத்துக்கு 7200 சுழற்சி எனின் ஒரு சுழற்சிக்கு 60 ÷ 7200 = 0.00833 செக்கன், அதாவது 8.33 மில்லிசெக்கன். வேண்டிய தரவு வாசிப்பு முனைக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுழற்சி, 4.17 மில்லிசெக்கன் காத்திருக்கவேண்டும். முனை நகரும் நேரம் வேறு. எஸ்எஸ்டியில் சுழலும் பகுதியே இல்லை. ஆகவே வின்டோஸ் திறப்பதும் விளையாட்டு ஏறுவதும் பெரிதும் விரைவாகும். செக்கனுக்கான சட்டகங்களை மாத்திரம் எஸ்எஸ்டி கூட்டாது. பரீட்சையிலும் கடையிலும் இவ்வேறுபாட்டை மறக்கவேண்டாம்.

பொருந்துமா?

வேகத்தைவிட இங்குதான் அதிக பணம் வீணாகின்றது.

றாம்: டிடிஆர்3 அட்டையில் 240 ஊசிகள், டிடிஆர்4 இல் 288. டிடிஆர்5 இலும் 288 தான், எனினும் வெட்டு வேறிடத்தில் உள்ளது. ஒன்று மற்றதன் இடத்தில் பொருந்தாது. எச்81 தாய்ப்பலகையில் இரண்டு இடங்களே உண்டு, உச்ச அளவு 16 ஜிபி. எனவே இன்னொரு 8 ஜிபி அட்டை வாங்கினால் போதும். அதில் மறைமுக இலாபமும் உண்டு. டிடிஆர்3-1600 அட்டை ஒன்று செக்கனுக்கு 1600 மில்லியன் × 8 பைற்று = 12.8 ஜிபி தரவைக் கடத்தும். இரண்டு அட்டைகள் இரு தடங்களாக வேலை செய்தால் 25.6 ஜிபி.

புரொசசர்: ஐ5-4460 இன் குதை எல்ஜிஏ 1150. இதில் ஐ7-4790 பொருந்தும், கருக்கள் நான்கே ஆயினும் எட்டு இழைகள். ஆறாம் தலைமுறை ஐ5-6500 எல்ஜிஏ 1151 ஆதலால் பொருந்தாது. இன்னொரு பொறியும் உண்டு. எட்டாம் தலைமுறையின் குதையும் எல்ஜிஏ 1151 தான், ஆனால் ஆறாம் தலைமுறைக்கான தாய்ப்பலகையில் அது இயங்காது. எண்ணை மாத்திரம் பார்த்து வாங்கியவர் அழவேண்டியதுதான். தாய்ப்பலகை உற்பத்தியாளரின் ஆதரவுப் பட்டியலைப் பார்த்தபின்பே கடைக்குப் போங்கள்.

பவர் சப்ளை: கேசிங்குடன் வந்த பெட்டியில் “450 வாற்று” என்று பெரிதாக எழுதியிருக்கும். அதை நம்பவேண்டாம். பக்கத்திலுள்ள அட்டவணையில் +12 வோல்ற்றுக்கு எத்தனை அம்பியர் என்று பாருங்கள், ஏனெனில் புரொசசரும் வரைவியல் அட்டையும் அங்கிருந்தே வலுவைப் பெறுகின்றன. 18 அம்பியர் எனின், விஞ்ஞானப் பாடத்தில் கற்ற சமன்பாட்டின்படி,

வலு = 12 × 18 = 216 வாற்று.

ஐ5-4460 க்கு 84 வாற்று. வன்தட்டு, விசிறி முதலியவற்றுக்கு 25 வாற்று என்க. ஆர்எக்ஸ் 6600 வரைவியல் அட்டைக்கு 132 வாற்று வேண்டும். கூட்டினால் 241 வாற்று, தாங்காது. ஜிரிஎக்ஸ் 1650 க்கு 75 வாற்றே, கூட்டினால் 184. 75 வாற்றைத் தாய்ப்பலகையின் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பே வழங்கும் என்பதால், மேலதிக வயர் கேட்காத வகைகளும் இதில் கிடைக்கின்றன. மலிவான பவர் சப்ளை செயலிழக்கும்போது சில வேளைகளில் தாய்ப்பலகையையும் கூட்டிக்கொண்டு போகும். நல்ல பவர் சப்ளை ஒரு சட்டகத்தைக்கூடக் கூட்டாது, ஆயினும் வரைவியல் அட்டைக்கு முன் அதற்கே பணம் ஒதுக்கச் சொல்வேன்.

“புதிய மாடல்” என்ற சொல்லிலும் கவனம். 2022 இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்ரி நான்கு தடங்களை மாத்திரமே பாவிக்கின்றது. எச்81 இன் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 இல் ஒரு தடம் செக்கனுக்கு ஏறத்தாழ 500 மெகாபைற்று. ஆகவே 2 ஜிபி மாத்திரமே. 2019 இல் வந்த ஜிரிஎக்ஸ் 1650 பதினாறு தடங்களிலும் 8 ஜிபி பெறும். நம் பழைய பலகைக்குப் பழைய மாடலே பொருத்தம்.

ஆகவே நம் கணினிக்கு என்ன செய்யலாம்?

என் தெரிவு இது: முதலில் எஸ்எஸ்டி, அடுத்து பாவித்த 8 ஜிபி டிடிஆர்3 அட்டை ஒன்று, பின்னர் ஜிரிஎக்ஸ் 1650. 750 ரிஐயைவிட இது ஏறத்தாழ இரு மடங்கு வேகமானது. நினைவகம் 4 ஜிபியே ஆதலால் புதிய விளையாட்டுகளில் அமைப்புகளைக் குறைத்தே வைக்கவேண்டும். ஐ7-4790 மலிவாகக் கிடைத்தால் மாத்திரம் பார்க்கலாம். காரணம், எஸ்எஸ்டி, வரைவியல் அட்டை, நல்ல பவர் சப்ளை மூன்றும் நாளை வாங்கும் கணினிக்கும் பெரும்பாலும் உதவும். டிடிஆர்3 றாமும் எல்ஜிஏ 1150 புரொசசரும் இக்கணினியுடனேயே முடிந்துவிடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வின்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைந்தது. நீடிப்புத் திட்டத்திற் பதிந்த வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் என அறிவிக்கப்பட்டது. வின்டோஸ் 11 இன் ஆதரவுப் பட்டியலோ இன்டெல் எட்டாம் தலைமுறை அளவிலிருந்தே தொடங்குகின்றது. உங்கள் விளையாட்டுக்கு வின்டோஸ் 11 கட்டாயம் எனின் இக்கணினியில் ஒரு ரூபாவும் போடாமல் சேமிப்பதே மேல்.

இதே வயதை அண்மித்த வேறொரு கணினிக்கு விடை முற்றிலும் மாறும். 2018 இல் ஏஎம்டி ரைசன் 3 1200 உடன் பி350 தாய்ப்பலகை வாங்கியவர், அதே ஏஎம்4 குதையில் 2022 இல் வந்த ரைசன் 5 5600 ஐப் பொருத்த வாய்ப்புண்டு. நான்கு இழைகள் பன்னிரண்டாகும். றாமும் தாய்ப்பலகையும் மாறா, வின்டோஸ் 11 பட்டியலுக்குள்ளும் வந்துவிடும். இங்கு பணத்தைப் புரொசசரில் போடுவதே சரி. ஆனால் பழைய புரொசசர் இருக்கும்போதே பயோஸைப் புதுப்பிக்கவேண்டும். அதன் நடுவே மின்சாரம் போனால் தாய்ப்பலகை செயலிழக்கலாம். யுபிஎஸ் உள்ள இடத்தில் செய்யுங்கள்.

பாவித்த வரைவியல் அட்டை வாங்குவோருக்கு: 2022 செப்ரெம்பரில் எதேரியம் நாணய அகழ்வு நின்றபின், இரவுபகலாக ஓடிய அட்டைகள் பல உலகச் சந்தைக்கு வந்தன. கொழும்பு யுனிற்றி பிளாசாவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ வாங்கும்போது, விளையாட்டு ஒன்றை 20 நிமிடமாவது ஓடவிட்டுப் பாருங்கள். திரையில் புள்ளிகள், கோடுகள் தோன்றினால் வேண்டாம். பழைய அட்டையைப் புதியதன் பெயரில் காட்டும் மோசடியும் உண்டு, ஆகவே ஜிபியூ-இசெட் என்ற இலவச மென்பொருளால் சோதிக்கவும். பணம் கொடுத்தபின் சோதிப்பதில் பயனில்லை.

பயிற்சி

ஒரு வலு வழங்கியின் +12 வோல்ற்று வெளியீடு 25 அம்பியர். புரொசசருக்கு 65 வாற்றும், வரைவியல் அட்டைக்கு 120 வாற்றும், ஏனையவற்றுக்கு 40 வாற்றும் தேவை.

(அ) வலு வழங்கி +12 வோல்ற்றில் வழங்கக்கூடிய உயர் வலுவைக் காண்க.
(ஆ) மொத்தத் தேவை அதன் எத்தனை வீதம்?
(இ) தாய்ப்பலகை இணைப்பு 75 வாற்றையும், ஆறு ஊசி வயர் 75 வாற்றையும் வழங்கும். இவ்வரைவியல் அட்டைக்கு அவ்வயர் அவசியமா? காரணம் தருக.
(ஈ) திரைத் தெளிவைக் குறைத்தபோதும் சட்டகங்கள் அதிகரிக்கவில்லை. இவ்வட்டைக்குப் பதிலாக இன்னும் வேகமான அட்டை வாங்குமாறு நண்பன் கூறுகின்றான். நீர் உடன்படுகின்றீரா? இரு வசனங்களில் விளக்குக.