வீட்டு வைஃபைக்கு வடிகட்டி: எது முடியும், எது முடியாது?

ஆபாசத் தளங்கள் குழந்தைகளுக்கு எளிதில் கிடைக்காதபடி, இணையச் சேவை நிறுவனங்களே பெற்றோர் கட்டுப்பாட்டு வசதியைத் தர உத்தரவிட வேண்டும் என்று ஒரு பொதுநல வழக்கு. அதை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற மதுரை அமர்வு, 2025 டிசம்பரில் ஒரு யோசனை சொன்னது. 16 வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க ஆஸ்திரேலியா தடை விதித்திருக்கிறது; அதுபோன்ற சட்டத்துக்கு இங்கே வழி உண்டா என்று மத்திய அரசு ஆராயலாம் என்றது. குழந்தைகள் விஷயத்தில் பெற்றோரின் பொறுப்பு அதிகம் என்றும், சட்டம் வரும்வரை விழிப்புணர்வுப் பணியைத் தீவிரப்படுத்த வேண்டும் என்றும் சொன்னது.

சட்டம் வரும்போது வரட்டும். சென்னைப் புறநகரில் தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் பக்கம் பிள்ளைகள் பள்ளி விட்டு நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஓ.எம்.ஆர். சாலை நிறுவனங்களிலோ மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்திலோ வேலை பார்க்கும் அப்பா, அம்மா வந்து சேர ஏழாகிறது. இடைப்பட்ட நேரத்தில் வீட்டில் வைஃபை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் எது வரலாம், எது வரக் கூடாது என்பதை ஒரு மாலைப்பொழுதில், காசு செலவில்லாமல் ஓரளவு முடிவு செய்துவிடலாம்.

முதல் வேலை, பாஸ்வேர்டு

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருகிறவர், நிறுவனத்து ஆளோ ஏரியா கேபிள்காரரோ, வயரை இழுத்து மோடத்தை மாட்டி, வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். இன்னொரு பாஸ்வேர்டு இருப்பதை நாமும் கேட்பதில்லை. மோடத்தைத் திருப்பினால் அடியில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் 192.168.1.1 போன்ற ஓர் எண். ஜியோ என்றால் 192.168.29.1. வீட்டு வைஃபையில் இருக்கும் போனின் பிரவுசரில் அந்த எண்ணை அடித்தால் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். உள்ளே போவதற்கான பெயரும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் அதே ஸ்டிக்கரில்தான். பல கருவிகளில் இரண்டுமே ‘அட்மின்’. இந்த பாஸ்வேர்டை மாற்றாமல் வேறு எதைச் செய்தாலும், ஸ்டிக்கரைப் படிக்கத் தெரிந்த பிள்ளை இரண்டு நிமிடத்தில் பழையபடி ஆக்கிவிடும்.

வடிகட்டி எப்படி வேலை செய்கிறது?

நாம் ஒரு தளத்தின் பெயரை அடித்ததும், அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரி என்ன என்று போன் ஒரு சர்வரிடம் கேட்கும். அதுதான் டி.என்.எஸ். தெருமுனைக் கடையில் வழி கேட்பது மாதிரி. வழக்கமாகக் கேட்பது நம் இணைய நிறுவனத்தின் சர்வரிடம். அது யார் வீட்டைக் கேட்டாலும் வழி சொல்லும். வடிகட்டும் சர்வரோ, ஆபாசத் தளத்தைக் கேட்டால் ‘அப்படி ஒரு வீடே இல்லை’ என்று சொல்லிவிடும்.

இப்படிப்பட்ட இலவசச் சேவைகள் பல உண்டு. கிளவுட்ஃபிளேர் 2020 ஏப்ரலில் கொண்டுவந்த குடும்பச் சேவையின் எண்கள் 1.1.1.3, 1.0.0.3. ஓப்பன் டி.என்.எஸ். ஃபேமிலிஷீல்டுக்கு 208.67.222.123, 208.67.220.123. கிளீன்பிரவுசிங்கின் குடும்ப வடிகட்டிக்கு 185.228.168.168, 185.228.169.168, இது கூகுள் தேடலையும் யூடியூபையும் சேர்த்தே பாதுகாப்பு நிலையில் வைத்துவிடும். செட்டிங்ஸில் லேன் அல்லது டி.எச்.சி.பி. பகுதிக்குப் போய், டி.என்.எஸ். கட்டங்களில் ஏதாவது ஒரு ஜோடியைப் போட்டு, சேவ் செய்து, மோடத்தை அணைத்துப் போடுங்கள். போன், டேப், ஸ்மார்ட் டிவி என அந்த வைஃபையில் சேரும் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். தடுக்க வேண்டிய தளம் ஒன்றைத் திறந்து பார்த்தால் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும்.

அந்தத் தளம் திறந்துகொண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, எண் முகவரிகளின் புதிய முறையான ஐபிவி6-ஐ. பல இணைப்புகளில் பழைய ஐபிவி4-உடன் இதுவும் சேர்ந்தே ஓடுகிறது. ஒன்றில் மட்டும் வடிகட்டி போட்டால் கேள்வி மற்றதன் வழியாகப் போய்விடும். கிளவுட்ஃபிளேருக்கான ஐபிவி6 எண் 2606:4700:4700::1113. சில நிறுவனங்கள் தங்கள் மோடத்தில் டி.என்.எஸ்.ஸை மாற்றவே விடுவதில்லை. அங்கே சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கி மோடத்தோடு இணைத்து, வீட்டு வைஃபையை அதிலிருந்து கொடுக்க வேண்டும்.

இரவுப் பூட்டு

பல ரவுட்டர்களில் ‘பேரன்டல் கன்ட்ரோல்’ என்ற பகுதி இருக்கிறது. குறிப்பிட்ட போனுக்கு இரவு பத்து மணிக்கு மேல் இணையம் கிடையாது என்று அதில் வைத்துவிடலாம். ஆனால் ரவுட்டர் ஒரு போனை அடையாளம் காண்பது அதன் மேக் முகவரியை வைத்து. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் உண்மையான முகவரியை மறைத்துப் பொய் முகவரி ஒன்றைக் காட்டுகின்றன. வைஃபை செட்டிங்ஸில் இதற்கென்று உள்ள ஒரு பொத்தானை மாற்றினால் போதும், ரவுட்டருக்கு அது புதுப் போன். பூட்டு அதற்குப் பொருந்தாது. புதிதாகச் சேரும் எந்தக் கருவிக்கும் அனுமதி தேவை என்று வைக்கும் வசதி உங்கள் ரவுட்டரில் இருந்தால் இந்த ஓட்டை அடைபடும்.

ரவுட்டருக்கு எட்டாத இடங்கள்

மொபைல் டேட்டாவுக்கு மாறினால் வீட்டு வடிகட்டிக்கு வேலையே இல்லை. வி.பி.என். செயலியும் அதைத் தாண்டிப் போய்விடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிர் வீட்டு வைஃபை பாஸ்வேர்டு பிள்ளைகளுக்குள் கைமாறுவது சகஜம்; அசோசியேஷன் கூட்டத்தில் பேசி, குழந்தைகள் உள்ள வீடுகள் எல்லாமே வடிகட்டி போட்டுக்கொண்டால்தான் இதற்குத் தீர்வு. எல்லாவற்றையும்விட, டி.என்.எஸ். ஒரு தளத்தை முழுதாக விடும், அல்லது முழுதாகத் தடுக்கும். இன்ஸ்டாகிராமுக்குள் எந்த ரீல் வருகிறது, வாட்ஸ்அப் குழுவில் யார் என்ன அனுப்புகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே அடுத்த அடுக்கு போனிலேயே. ஆண்ட்ராய்டில் கூகுளின் ஃபேமிலி லிங்க், ஐபோனில் ஸ்கிரீன் டைம். செயலிகளுக்கு அனுமதி, தினசரி நேரம், தூங்கும் நேரம் ஆகியவற்றை இவற்றில் வைக்கலாம். ஆண்ட்ராய்டு 9 முதல் ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ என்ற வசதியும் உண்டு. அதில் வடிகட்டும் சேவையின் (எண் அல்லாத) பெயர் முகவரியைக் கொடுத்தால் மொபைல் டேட்டாவிலும் வடிகட்டி கூடவே வரும்.

சட்டத்தின் பக்கம் என்ன?

18 வயதுக்குக் கீழே உள்ளவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்துப் பெற வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைச் சிறுவர்கள் ஆடத் தமிழக அரசு 2025 பிப்ரவரியில் தடை விதித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் அவற்றை எல்லா வயதினருக்குமே தடை செய்துவிட்டது.

பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்

தெரியாமல் கை பட்டு வந்து நிற்கும் பக்கத்தைத்தான் வடிகட்டி தடுக்கும். தேடிப் போகிற பதினைந்து வயதை அது நிறுத்தாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு வைத்த கெடுபிடியை அப்படியே தொடர்ந்தால், அது வி.பி.என். கற்றுக்கொள்ளத்தான் உதவும். வருடத்துக்கு ஒருமுறை தளர்த்துங்கள். வடிகட்டி இருப்பதை மறைக்காதீர்கள். பாடத்துக்குத் தேவையான தளம் அடைபட்டால் பிள்ளை வந்து கேட்கட்டும். அசிங்கமான எதையாவது பார்த்துவிட்டாலோ, முன்பின் தெரியாத யாராவது படம் கேட்டு மிரட்டினாலோ, திட்டு விழாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மிரட்டல் வந்தால் எதையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையோ, குழந்தைகளுக்கான 1098-ஐயோ அழைக்கலாம். இரண்டு எண்களும் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.